ஒரு சொட்டு நீருக்காக ஒரு ஜெபம்

என் பெயர் கிரேஸ். இடைசெவல் பக்கம் காட்டு வேலை பார்க்கிறேன். போன கார்த்திகையில் உளுந்துக்குக் களை எடுக்கும்போது காலில் முள் குத்தியது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். கண்ணாடி விரியன்!

முந்தின நாள் நல்ல மழை. கரிசல் நனைந்தால் பைக் கூட உள்ளே வராது. கூட வேலை செய்த முத்துலட்சுமி அக்காவும் மற்ற பெண்களும் என்னைச் சேலையில் தொட்டில் கட்டி ரோடு வரை தூக்கினார்கள். சேறு காலைக் கவ்வியது. "ஏட்டி கிரேசு, கண்ண மூடிராத. எங்கூடப் பேசிக்கிட்டே வா" என்று அக்கா அழுதுகொண்டே நடந்தாள்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டு உயிரைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் சிறுநீர் நின்றுபோனது. முகமும் காலும் வீங்கின. திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை என்று சொல்லி டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். கட்டிலோரம் தொங்கிய, சிறுநீர் பிடிக்கும் பை காலியாகவே கிடந்தது. என் கணவர் உள்ளே வந்ததும் அதைத்தான் பார்ப்பார். பிறகு என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

நான் சோர்ந்துபோனேன். ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை. "என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. புள்ளைகள ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்றேன்.

என் கணவர் சபைப் பக்கமே வராத மனுஷர். அத்தனை பேர் நடுவில் முழங்காலில் நின்றார்.

"ஆண்டவரே, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. இவளுக்கு ஒரு சொட்டு ஒண்ணுக்கு வர வையும்."

வார்டில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையிருந்த முஸ்லிம் அம்மா "ஆமீன்" என்றார். எனக்கு அழுகை பீறிட்டது. நானும் "ஆமென்" என்றேன்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அப்புறம் ஒரு காலையில் நர்ஸ் சத்தம் போட்டார்: "ஏம்மா, இங்கன பாரு! பையில இறங்கியிருக்கு!"

கலங்கலாக, அடியில் கொஞ்சம். அதைப் பார்த்து என் கணவர் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு நாளுக்கு நாள் கூடியது. டயாலிசிஸை நிறுத்தினார்கள். என் கர்த்தர் என்னைக் கைவிடவில்லை.

இப்போது பூட்ஸ் போட்டுக்கொண்டு மறுபடியும் களை எடுக்கிறேன். என் கணவர் சபைக்கு வருகிறார். பாட்டுதான் இன்னும் சரியாக வராது. யாரையாவது பாம்பு கடித்தால் மந்திரிக்க ஓடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேவன் மருத்துவர் கையாலும் தொடுகிறார்.

அன்பானவர்களே, உங்கள் தேவை வெளியே சொல்லவே கூச்சமானதாக இருக்கலாம். நல்ல வார்த்தை தேடிக் காத்திருக்காதீர்கள். வாயில் வருகிறபடியே அவரிடம் கேளுங்கள்.