முறுக்கு ஜெயித்த தொகுதி

வெள்ளிமலைக்கு மேலே பாறையைப் பிளந்து கிணறு வெட்டினேன். தண்ணியே வராது என்று சிரித்தவர்கள் வீட்டுக்கும் அந்தக் கிணற்றிலிருந்துதான் குடம் போச்சு. மழை பெய்தால் பஸ் ஏறாத மலைப் பாதையில் ஜீப் விட்டேன். பேங்கில் என்னை உட்காரக்கூடச் சொல்லாத காலத்தில் சங்கராபுரத்தில் ரைஸ் மில் போட்டேன். படித்தது அஞ்சாவது. இதற்கெல்லாம் மேலே, அமெரிக்காவில் ஒரு எம்.எல்.ஏ.வை உண்டாக்கினேன். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் ஊர் நம்பமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அந்த எம்.எல்.ஏ. என் மகள்தான். படிக்கப் போனவள் அங்கேயே வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடிமகளும் ஆகி, அவள் இருக்கும் மாநிலத்துச் சட்டசபைக்கு நின்றாள். முதல் தடவை தோற்றுப்போனாள். மறுபடி நிற்கும்போது, இதிலும் தோற்றால் விட்டுவிடுவேன் என்று போனில் சொன்னாள். குரலே சரியில்லை. நானும் அவள் அம்மாவும் கிளம்பிவிட்டோம். வெறுங்கையோடு போவோமா? மலைச் சாமையில் சுட்ட முறுக்கு ஒரு பெட்டி நிறைய.

அங்கே எனக்கு எல்லாமே வேடிக்கை. வேட்பாளர் என்றால் பத்து கார், மேளம், பட்டாசு என்று பார்த்த கண்ணு. இவள் ஒரு ஷூவை மாட்டிக்கொண்டு தனியாக நடக்கிறாள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கையிலிருக்கும் போன் சொல்கிறது. மணியடித்து, ரெண்டடி பின்னால் நின்று, நாலு வார்த்தை பேசி, ஒரு பேப்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த வீடு. யாருக்கு ஓட்டு என்று வீட்டு வாசலிலேயே போர்டு நட்டு வைக்கிறான். பக்கத்து வீட்டில் எதிராளி போர்டு. ரெண்டு பேரும் நின்று சிரித்துப் பேசுகிறார்கள். நான் என் ஓட்டைப் பொண்டாட்டியிடமே சொன்னதில்லை.

ஜெயித்தால் எத்தனை கார் தருவார்கள் என்று கேட்டேன். ஒன்றும் கிடையாதாம். சபை வருஷத்தில் கொஞ்ச மாசம்தான் கூடுமாம், மீதி நாள் பழைய ஆபீஸ் வேலையையே பார்க்கணுமாம். பின்னே எதுக்கு இந்த அலைச்சல் என்றேன்.

"தெருவுல தண்ணி நின்னா நீ யார் வூட்டுக்குப்பா போவ? அந்த வூட்டு ஆளா நான் இருக்கணும்" என்றாள்.

அது எனக்குப் பிடித்தது. மறுநாள் நானும் கூடப் போனேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. ஒரு வீட்டுப் படி ஏறி ஒன்று கேட்கிறோம், கையில் ஒரு வெற்றிலை பாக்காவது வேண்டாமா? அதனால் அவள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் நான் பின்னாலேயே நின்று ஆளுக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்தேன். மோந்து பார்த்துச் சிரித்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு கிழவர் பதிலுக்குத் தோட்டத்துத் தக்காளி தந்தார்.

சாயங்காலம் அந்தப் பொட்டலத்தை யாரோ போட்டோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டார்கள், வேட்பாளர் ஓட்டுக்குத் தீனி தருகிறார் என்று.

"இன்னாப்பா பண்ணிட்ட?" என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இங்க ஓட்டுக்கு எதுவும் குடுக்கக் கூடாது."

"ஓட்டுக்கு யார் குடுத்தது? வூட்டுக்குப் போனதுக்குக் குடுத்தேன்."

"நம்ம ஊர்ல இந்த முறுக்கைக் குடுத்திருந்தா ஒருத்தனும் ஓட்டுப் போட மாட்டான், ஓட்டுக்கு மூக்குத்தி எங்கன்னு கேப்பான்" என்றாள் அவள் அம்மா.

அந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய் விஷயத்தைச் சொல்லி, தின்னாத பொட்டலத்தை வாங்கி வருவது என்று முடிவாச்சு. என்னைக் காரை விட்டு இறங்கக் கூடாது என்றுவிட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நாலு வார்த்தையில் முடியவில்லை. அப்பா யார், மலை எது, சாமை என்றால் என்ன, ஏன் கொடுத்தார் என்று எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. பாதி திறந்த கதவெல்லாம் முழுசாகத் திறந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரு அம்மா, எல்லாத்தையும் தின்னுட்டேன், எனக்கு என்ன தண்டனை என்று கேட்டாளாம். எதிராளி போர்டு நட்டிருந்த ஆள், பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்த கையோடு இவளை அழைத்துப்போய், வாசலில் தண்ணி தேங்கும் கால்வாயைக் காட்டினான். இவள் அங்கேயே குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

அன்றைக்கு அப்புறம் அவள் பேப்பர் நீட்டுவதை நிறுத்தினாள். எந்த வீட்டிலும் உட்கார்ந்துதான் பேசினாள். போன தடவை அவளைக் கைவிட்ட தெருக்களில்தான் இந்தத் தடவை ஜாஸ்தி ஓட்டு. கொஞ்சத்தில்தான் ஜெயித்தாள், ஆனால் ஜெயித்தாள். முதல் வேலையாக அந்தக் கால்வாயைச் சரி பண்ண வைத்தாள். அடுத்த தேர்தலிலும் அவளே.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தாள். சங்கராபுரத்தில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் சால்வை போட்டார்கள். முன்வரிசையில் நான். ஜனங்க வூட்டுல உட்கார்ந்து கேக்கணும், அதுதான் அரசியல் என்று மைக்கில் பேசினாள். உட்கார வைத்தது யார்? அதைச் சொல்லவில்லை.

காரில் வரும்போது கேட்டேன். "அதைச் சொன்னா பழைய வம்பு மறுபடி கிளம்பும்பா" என்று சிரிக்கிறாள்.

கிளம்பினால் கிளம்பட்டும். அவள் அந்தச் சட்டசபையிலேயே எழுந்து நின்று, என் அப்பா கொண்டுவந்த முறுக்கால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சுட்டது அம்மா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் என் பேர் முதலில் வரணும்.