பௌர்ணமியில் வந்த வலி

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையின் மேலேயே எங்கள் வீடு. பௌர்ணமியன்று பாதையை அடைத்துவிடுவார்கள். வெளி வண்டி எதுவும் லேசில் உள்ளே வராது. அதனால் நிறைமாதப் பெண்களை முன்கூட்டியே கீழ்பென்னாத்தூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் தெரு வழக்கம். என் மனைவிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் நான் அனுப்பவில்லை.

பௌர்ணமி சாயங்காலமே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. வாசலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். கொஞ்ச தூரத்தில் மருத்துவ முகாம் இருந்தது, ஆம்புலன்சும் நின்றது. ஆனால் அது நடக்க வருகிறவர்களுக்கு. இங்கேயே கிடக்கிற எங்களுக்கு இல்லை. போன பௌர்ணமிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன எதிர்வீட்டுக்காரரை, "ஊர்க்காரங்க வெளிய வண்டி சொல்லிக்குங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வண்டி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முகாமுக்கு நடந்தேன். அவள் என் சட்டையை விடவே இல்லை.

"எந்த ஊருங்க?" என்று முகாமில் இருந்தவர் கேட்டார்.

எதிர்வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். "மெட்ராஸ்ங்க. கிரிவலம் வந்தோம்."

"இந்த நெலமையில எதுக்குங்க கூட்டிக்கினு வந்தீங்க?" என்று திட்டிக்கொண்டே ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துவிட்டார்.

கூட்டத்துக்குள் ஊர்ந்துபோன வண்டி எங்கள் வீட்டைத் தாண்டியது. அவசரத்தில் கதவைப் பூட்டாமல் வந்திருந்தோம். அது திறந்தே கிடந்தது. மனைவியும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், டிரைவரைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.