குரங்குக்குப் போட்ட மூடி

கொல்லிமலையில் எங்கள் ஊர்ப் பக்கம் வெளியூர் போகிறவர்கள் வீட்டைப் பூட்டுகிறார்களோ இல்லையோ, வாசல் குழாய்க்கு மூடி போட்டுவிட்டுத்தான் போவார்கள். எல்லாம் குரங்குகளால் வந்த வினை. குழாயைத் திருகித் தண்ணீர் குடிக்கத் தெரிந்த அந்தச் சனியன்களுக்கு அதைத் திரும்ப அடைக்கத் தெரியாது. தொட்டியே காலியாகிவிடும். அதனால் குழாயின் வாயில், உள்ளே மரை வைத்த பிளாஸ்டிக் மூடி ஒன்றை முறுக்கிவிடுவோம்.

போன ஆனியில் நாமக்கல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, மூடியை முறுக்கியது என் வீட்டுக்காரர். மகளுக்குக் கொடுக்கப் பலாப்பழம் அறுத்துச் சுளை எடுத்துக்கொண்டிருந்தவர், பஸ் ஹாரன் கேட்டதும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் முறுக்கினார். போன இடத்தில் அவருக்கு வாதம் வந்துவிட்டது. வலது கை விழுந்தது. ஆஸ்பத்திரி, பிறகு மகள் வீடு என்று கிடந்துவிட்டு நாங்கள் மலையேறியபோது ஆவணி பிறந்திருந்தது.

பயிற்சிக்கு என்று டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார். விடாமல் பிசைந்தால்தான் கை திரும்பும், இல்லாவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்று என்னிடம் தனியாகவும் சொல்லியிருந்தார். இவரோ பந்தைத் தொடவே இல்லை. “செத்த கைக்கு என்னத்துக்குப் புள்ள பந்து?” என்பார். கெஞ்சினேன், திட்டினேன், சோறு போடமாட்டேன் என்றுகூட மிரட்டினேன். மனுஷன் மசியவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுக் குழாயிடம் போனேன். மூடி அசையவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகினேன். கல்லால் தட்டினேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

“எழவெடுத்த மூடி, நகரவே மாட்டேங்குது!” என்று கத்தினேன்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. இவர்தான். வாய் கோணிக்கொண்டு, ஆனால் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

“நான் முறுக்குனதாச்சே! உன்னால ஆகுமா? சுடுதண்ணி ஊத்து புள்ள.”

பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் காயவைத்து ஊற்றினேன். துணி சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகியதும் கழன்று வந்தது. உள்ளே பார்த்தால் மரை முழுக்கப் பலாப்பால். காய்ந்து கறுத்துப் பிடித்திருந்தது. அவசரத்தில் எண்ணெய் போட்டுக் கழுவாத கையோடு முறுக்கியிருக்கிறார். கைப் பலமும் இல்லை, ஒன்றும் இல்லை. பால்தான் ஒட்டவைத்திருக்கிறது.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லாமல் விடுகிற ஆளா நான்? ஆனால் அவர் தன் வலது கையை எடுத்து மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யப்பா! என்ன கைங்க உங்க கை!” என்றேன். மூடியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய், எண்ணெய் விட்டுச் சுரண்டிக் கழுவினேன். அன்று சாயங்காலம் அவராகவே கேட்டார், பந்தை எங்கே வைத்தாய் என்று.

அதற்குப் பிறகு மூடியை நான் பட்டும் படாமலும்தான் மாட்டிவைத்தேன். இடது கையாலாவது அவர் கழற்றிக்கொள்ளட்டும் என்று. குரங்குகளுக்கு ஒரே கொண்டாட்டம். தொட்டி எத்தனையோ தடவை காலியானது. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் ஒரு நாள் மிளகு பறித்துவிட்டு வந்து கை கழுவப் போனால், மூடி அசையவில்லை.

“எந்தப் பாவி இதை இப்பிடி முறுக்குனது?”

“நாந்தான் புள்ள. கொரங்கு வந்துச்சு,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எந்தக் கையிலீங்க?”

வாசலுக்கு வந்து வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் இன்னும் முழுதாக விரியவில்லை. நான் நம்பவில்லை. சுடுதண்ணீர் ஊற்றிக் கழற்றி, முதலில் மூடிக்குள்தான் பார்த்தேன். மரை சுத்தமாக இருந்தது. பலா பழுக்கிற காலமும் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை, குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

“இப்பிடியா முறுக்குவாங்க? மனுசி எப்பிடித் தொறக்கறது?” என்று அழுகையோடு அழுகையாகத் திட்டினேன்.

“இதுக்குப் போய் அழுவாங்களா கண்ணு? முடியலீன்னா என்னயக் கூப்புடு,” என்றார். “நான் வந்து தொறக்கறேன்.”