கடைக் கண்ணாடியருகே ஏழு பேர்

இத்தாலியில், பொட்டென்சா நகருக்கு மேலே, மலையூர் ஒன்றின் மூக்குக் கண்ணாடிக் கடையில் எர்சிலியா எட்டு வருடமாக வேலை பார்த்தாள். இருபத்தேழு வயதில் அவளுக்கு ஆப்டோமெட்ரி, அதாவது கண்பார்வைப் பரிசோதனை, படிக்க ஆசை வந்தது. இரண்டு கல்லூரிகள் இடம் கொடுத்தன. ஒன்று வடக்கே, பெயர் பெற்றது. மற்றது தெற்கே ஒரு துறைமுக நகரத்தில், சின்னது. செப்டம்பர் முடிவதற்குள் பதில் எழுத வேண்டும்.

"வடக்கேதான் போகணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் முதலாளி ஃபெர்னாந்தோ. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் டொனாத்தோ கண்ணாடியின் காதுப்பிடியைச் சரிசெய்ய வந்தார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு, அவருக்குப் பார்வை பாதிக்கு மேல் போயிருந்தது. எர்சிலியா கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"எனக்கு அவசரமில்லம்மா. முதல்ல வந்தவங்கள கவனி."

கடையில் வேறு யாருமில்லை.

"யாரைச் சொல்றீங்க?"

"அந்த நிலைக்கண்ணாடி பக்கத்துல ஏழு பேர். எல்லாரும் உயரமா தொப்பி போட்டிருக்காங்க. பல்லுதான் முகத்தவிட பெருசா இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்கும் வருவாங்க. பேசமாட்டாங்க. என் பொண்ணுகிட்ட சொல்லிடாதே. முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுடுவா."

"தொப்பிக்காரங்க கண்ணாடி வாங்குவாங்களான்னு கேளு!" என்று உள்ளிருந்து சிரித்தார் ஃபெர்னாந்தோ. எர்சிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க அவள் நிலைக்கண்ணாடி இருந்த மூலைக்கு முதுகைக் காட்டவே இல்லை.

அடுத்த வாரம் வடக்கே கல்லூரியைப் பார்க்கப் போனாள். எங்கு பார்த்தாலும் பளபளக்கும் கருவிகள். சுற்றிக் காட்டியவரிடம் டொனாத்தோ கண்ட ஏழு பேரைப் பற்றிக் கேட்டாள். "அது மனநல டாக்டர் சமாச்சாரம். வாங்க, புது ஸ்கேனர் காட்டுறேன்" என்றார் அவர்.

பிறகு பார்த்த தெற்குக் கல்லூரியின் சுவரில் ஈரம் பூத்திருந்தது. பேராசிரியை லொமோனாக்கோ ஒரு கிழவிக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் எர்சிலியா அதையே கேட்டாள். அவர் கிழவியிடம் திரும்பினார். "நீங்களே சொல்றீங்களா?"

"எனக்குக் குழந்தைங்க வரும்மா," என்றாள் கிழவி நிதானமாக. "இப்பக்கூட ஒண்ணு உன் தோள்ல உக்காந்திருக்கு. அசையாதே, விழுந்துடும்."

எர்சிலியா உண்மையிலேயே அசையாமல் நின்றாள்.

"இவங்க புத்தியில ஒரு குறையும் இல்ல," என்றார் லொமோனாக்கோ. "கண்ணுலேருந்து படம் வரலேன்னா சில பேருக்கு மூளை தானே வரைஞ்சுக்கும். இங்க முதல் வருஷமே இதைக் கேக்கக் கத்துக்கொடுக்குறோம்."

திரும்பும் ரயிலிலேயே தெற்குக் கல்லூரிக்குச் சம்மதக் கடிதம் எழுதினாள்.

அடுத்த முறை கடைக்கு வந்தவரிடம், அது மூளை வரையும் படம், பைத்தியமில்லை என்று சொன்னபோது டொனாத்தோ வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாளே மகளிடம் சொல்லிவிட்டார். அவள் அவரை எங்கும் அனுப்பவில்லை. ஆனால் எர்சிலியா விடைபெறப் போனபோது அவர் சொன்னார்: "இப்ப ஆறு பேர்தாம்மா வர்றாங்க. ஒருத்தன் நீ அதைச் சொன்ன அன்னைக்கு உன் பின்னாடியே கடையவிட்டுப் போனான். திரும்பி வரல."

மூளை வரைந்த படம்தான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் துறைமுக நகரத்து அறையில் முதல் மாதம் முழுக்க, உள்ளே யாருமில்லை என்பது தெரியும்படி அலமாரிக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

இப்போது மூன்றாம் வருடம். கண் பரிசோதனை முடிந்ததும் வந்தவர்களிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பாள்: "இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரியுதா?" பலர் சிரிப்பார்கள். சிலர் மகனோ மகளோ அருகில் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். போன வாரம் ஒரு மீனவர், எதுவோ கடந்துபோக வழிவிடுவது போல, நீட்டியிருந்த கால்களை மெல்ல மடக்கிக்கொண்டார்.