கார் வரும் பாதையும் அக்காவின் இடது காலும்

என் அக்காவின் கணவரை, அவர் வேலை பார்த்த பஸ் டிப்போவில் 'பிரேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். கொஞ்சம் உருட்டி மறுபடியும் மிதிப்பார். பின்னால் நிற்பவன் ஹாரனைப் பிய்த்தெடுத்தாலும் அசைந்து கொடுக்க மாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் குணம் போகவில்லை. புது நாற்காலி வாங்கினால்கூட நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். எனக்கு அத்தான் ஆயிற்றே, முகத்துக்கு நேராகவே சிரிப்பேன். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, இடது கால் பாதிதான் மீண்டது. தூக்கி வைக்க வராது. தரையோடு இழுத்துத்தான் நடப்பாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை, கூடம், குளியலறை என்று வீட்டுக்குள் சுற்றி வருவாள். வாசலிலிருந்து கேட் வரை சரிவாக இறங்கும் கார் பாதை மட்டும் அவளுக்கு எமன். பழைய கான்கிரீட், எங்கே பார்த்தாலும் விரிசல், மழை பெய்தால் குழிக்குக் குழி தண்ணீர். அதனால் அத்தான் காரை வாசலை ஒட்டியே கொண்டுவந்து நிறுத்துவார். அவளைத் தாங்கி உட்கார வைத்து, சீட் பெல்ட்டையும் தானே மாட்டிவிடுவார். ஆஸ்பத்திரியோ கடையோ என் வீடோ, எங்கே போவதானாலும் இதே கதைதான். அக்கம்பக்கத்தில் அவரைப் புகழாத ஆள் இல்லை.

அந்தப் பாதையை உடைத்துவிட்டு, ரெசின் என்கிற பசையில் பொடிக்கல்லை ஒட்டிப் போடும் தளம் போடலாம் என்று முடிவானது. தளம் போடுகிறவர் இரண்டு மாதிரிப் பலகைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் பொடிக்கல்லையும் ரெசினையும் சேர்த்துக் கலந்து, கொத்துக்கரண்டியால் சமமாக இழைத்திருந்தார்கள். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கல் இடுக்கு வழியாகக் கீழே இறங்கியது. இன்னொன்றில் ரெசினை முதலில் பூசி, அதன்மேல் கல்லைத் தூவி ஒட்ட வைத்திருந்தார்கள். மேல்பக்கம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிட்டது.

"ரெண்டும் நல்லதுதான் சார். உங்களுக்கு என்ன தேவைன்னு சொல்லுங்க."

"பாதை சரிவு. பிடிமானம் வேணும்," என்றார் அத்தான்.

அன்று முழுக்க அந்தப் பலகைகளைப் படாதபாடு படுத்தினார். கார் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றினார், இறக்கினார், குழாயைத் திறந்து நனைத்துவிட்டு மறுபடியும் ஏற்றினார். கடைசியில், "தூவினதுதான் சரி. டயரு அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்குது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சாமான் வாங்கக் கடைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும், அங்கே வந்திருந்த என்னை அக்கா கூப்பிட்டாள். "அந்த ரெண்டையும் இப்படிக் கூடத்துல எடுத்துப் போடேன்."

போட்டேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, கலந்து இழைத்த பலகைமேல் காலை இழுத்தாள். சர்ரென்று வந்தது. தூவின பலகைமேல் இழுத்ததும் செருப்பு கல்லில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. இவள் முன்னால் சாய்ந்தாள். நான் பிடிக்காவிட்டால் முகம் பெயர்ந்திருக்கும்.

"பார்த்தியா? இதைப் போட்டா இந்த ஜென்மத்துல நான் கேட்டைத் தொட மாட்டேன்."

"அத்தான்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"என்னையா கேட்டாரு? டயரைக் கேட்டாரு." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. "யாரும் பிடிக்காம, யாரும் ஏத்தி இறக்காம, ஒரு தடவை நானா வெளியே போகணும்டி. வேற ஒண்ணும் வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன்.

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "நடக்கணும்னு என்ன அவசியம்? வாசலுக்கே வண்டி வருதே!"

"வண்டி உங்களுது. கால் என்னுது," என்றாள் அக்கா.

அத்தான் அவளுடைய செருப்பு ஒன்றை இடது காலில் திணித்துக்கொண்டு, வாக்கரைப் பிடித்து, தூவின பலகைமேல் காலை இழுத்தார். மாட்டியது. மறுபடியும் இழுத்தார், மறுபடியும் மாட்டியது. அந்தப் பெரிய உடம்பு அந்தச் சின்னச் செருப்போடு தள்ளாடியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பலகையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, தளக்காரருக்குப் போன் போட்டார்.

"கலந்து போடறது சரிவுல ஈரமா இருந்தா வழுக்குமா?"

"காயறதுக்கு முன்னாடி மேலே கொஞ்சம் நைஸ் கண்ணாடித் துகள் தூவிடலாம் சார். டயரும் பிடிக்கும், காலும் தடுக்காது."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?"

"நடக்கறவங்க இருக்காங்கன்னு நீங்க சொல்லலையே!"

பழைய கான்கிரீட்டை உடைத்து, தண்ணீர் இறங்குகிற அடித்தளம் போட்டு, அதன்மேல் கலவையை இழைத்தார்கள். வேலை நடந்த நாள் முழுக்க அத்தான் வேலையாட்களின் பின்னாலேயே அலைந்து அவர்கள் உயிரை வாங்கினார். தளம் நன்றாகக் காய்ந்தபின், அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட் வரை போய்ப் போய் வந்தாள். தனியாக விட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் போயிருந்தபோது அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். அக்கா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துவிட்டு வெளியே போனாள். நான் ஜன்னலோரம் நின்றேன். சரிவில் வாக்கரை நிதானமாக நகர்த்தி இறங்கினாள். கேட் தாழ்ப்பாள் இறுக்கம். அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டித் திறந்து, வெளியே போய், கேட்டைச் சாத்திவிட்டுத் தெருவில் திரும்பினாள்.

அத்தான் கண் விழித்தபோது அவள் இல்லை. அவர் பதறிய பதற்றத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் கதவில் கையை நீட்டி மறித்தேன். "போகாதீங்க அத்தான். வருவா." திட்டினார், தோட்டத்துக்கும் கேட்டுக்குமாக அலைந்தார், ஆனால் போகவில்லை.

அக்கா வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கே போனே?"

"சும்மா. தெருமுனை வரைக்கும்."

"சொல்லியிருந்தா நான் கொண்டுபோய் விட்டிருப்பேனே!"

"தெரியும். அதனாலதான் சொல்லலை."

அவர் முகம் அடி வாங்கினது போல ஆகிவிட்டது. கையில் இருந்த சாவியைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கும் போவியா?"

"போவேன்."

"தாழ்ப்பாள் இறுக்கமா இருக்கும்," என்றார். "எண்ணெய் விட்டு வைக்கிறேன்."