அம்மாவின் பழைய நம்பர்

கிள்ளானில் அம்மாவின் வீட்டுக்குள் லைன் சரியாகக் கிடைக்காது. போன் அடித்தால் அதைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட்டுக்கு ஓடுவாள். என்றைக்காவது விழுந்து காலை உடைத்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும். நம்பரை மாற்றாமலேயே வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போன் கடைக்கு அழைத்துப் போனேன்.

"நம்பர் மட்டும் மாறக்கூடாது," என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். காரணம் எனக்கும் தெரியும். அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போன என் தம்பி, ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் தன் நம்பரை மறைத்துக் கூப்பிடுவான். "சாப்பிட்டியாம்மா?" என்பான். வைத்துவிடுவான். ஆறு வருடமாக அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்த ஒரு போன்கால்தான் எங்களுக்கு அத்தாட்சி.

கடைப்பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அக்கா, இந்த லைன் ஆன்டி பேர்ல இல்ல லா. வேற ஆளோட ஐசில இருக்கு. அவரு வந்தாதான் மாத்த முடியும்."

எங்கள் வீடுகளில் இது வழக்கம்தான். யார் கடைக்குப் போகிறார்களோ, அவர்கள் தங்கள் அடையாள அட்டையான ஐசியைக் காட்டி எல்லோருக்கும் சிம் வாங்கி வந்துவிடுவார்கள். அம்மாவுடையதை வாங்கி வந்தவன் தம்பி.

அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. புது நம்பரில் ஒரு சிம் வாங்கிப் போட்டேன். நெட்டில் பேசுகிற செயலி பழைய நம்பரிலேயே ஓடியது. சித்தி, மாமா எல்லோரும் அதில்தான் கூப்பிடுவார்கள், அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. "அதே நம்பர்தான்மா," என்றேன். பழைய சிம்முக்கு மாதாமாதம் டாப்-அப் போட்டு, தீபாவளிக்கு வேறொரு போனில் மாட்டிக் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம். இரண்டு மாதம் போட்டேன். அப்புறம் மறந்தே போனேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு மாதம் ஓடியது.

தீபாவளிக்கு முதல் நாள் முறுக்குப் பிழிவதை என்னிடம் தள்ளிவிட்டு, அம்மா காலையிலிருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு சிம் ஞாபகம் வந்தது. அறைக்குள் போய் வேறு போனில் மாட்டினேன். டாப்-அப் இல்லாமல் லைன் செத்திருந்தது. என் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு மலாய்க்காரர் எடுத்தார். கம்பெனி போன வாரம்தான் இந்த நம்பரை அவருக்கு விற்றதாம்.

வேறு யாராவது கூப்பிட்டார்களா என்று மலாயில் கேட்டேன்.

"காலையில் ஒருவர் கூப்பிட்டார், அக்கா. நம்பர் தெரியவில்லை. அம்மா, அம்மா என்றார். நான் மலாயில் பேசியதும் அவரும் மலாய்க்கு மாறினார். பிறகு, இந்த நம்பர் வைத்திருந்த அம்மா செத்துவிட்டாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்."

நான் பேசுவது கூடம்வரை கேட்டிருக்க வேண்டும். "யாருடி லைன்ல, தம்பியா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா எழுந்து வந்தாள்.