பக்கத்து அறைக்குப் போன பிரதிநிதி

கூட்டக் குறிப்பு எழுதும் தொழிலுக்குக் காது இரண்டும் நன்றாக வேலை செய்ய வேண்டும். வாய் இருக்கவே கூடாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டில் தனியாக உட்கார்ந்து சம்பாதிக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலகத்தில் பசியைக் குறைக்க, இப்போதிருக்கும் சர்வதேச ஏற்பாடுகளை எப்படித் திருத்துவது என்று நாடுகள் எல்லாம் ஐரோப்பாவில் கூடிப் பேசும். சேலையூரில் நான் அதைக் கணினியில் கேட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று சுருக்கி எழுதுவேன். கணவர் இறந்த பிறகு, வீட்டில் ஏதாவது குரல் கேட்டால் போதும் என்றுதான் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். குரலுக்குப் பஞ்சமில்லை. ஒன்றுகூட என்னிடம் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

மாடியில் ஆள் உண்டா?

கீழ்வீட்டு ஷமீம் அக்கா சமைத்துக் கொடுப்பவர். கேம்ப் ரோடு பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் பாதிப் பேருக்கு அவர் வீட்டுச் சாப்பாடுதான். எனக்கும் ஒரு கேரியர் வரும். கூட்டம் நடக்கும்போது நான் எழுந்து போக முடியாது என்பதால் வாசல் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். இடைவேளையில் ஆறிப்போன சாம்பாரோடு, ஏதோ ஒரு நாட்டின் வறட்சியைத் திரும்பப் போட்டுக் கேட்டபடி சாப்பிடுவேன்.

ஒருநாள் படியில் பார்த்தபோது, என்ன வேலை என்று கேட்டார். பசியைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் எழுதுகிறேன் என்றேன். நல்ல வேலைதான் என்பதுபோல் தலையை ஆட்டினார். அவருடைய கவலை வேறு.

"நீங்க மேல கீறீங்களா இல்லியான்னே தெரில மேடம். கேரியரைத் திருப்பி வைக்கசொல்ல கொஞ்சம் சத்தமா வைங்க, கேட்டுக்கினு இருப்பேன்."

உணவகம் மூடும் நேரம்

ஒரு வருடத்துக் கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. உணவுப் பஞ்சம் வரும்போது முடிவெடுக்கும் இடத்தில் ஏழை நாடுகளுக்கும் நாற்காலி வேண்டும் என்பதுதான் பேச்சு. காலையிலிருந்து பெரிய நாடுகள் அந்த நாற்காலியை வாயாரப் பாராட்டின. நடுவில் இங்கே விமானப்படை விமானம் ஒன்று தலைக்கு மேல் போனதில் ஒரு நாட்டின் பாராட்டு எனக்குக் கேட்கவில்லை. முந்தைய நாடு சொன்னதையே கொஞ்சம் மாற்றி எழுதினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பேச்சாளர் பட்டியலின் வாலில் சின்ன நாடுகள். அவற்றின் முறை வரும்போது தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இன்னும் நான்கு நாடுகள் பேச வேண்டும், ஆனால் கீழே உணவகத்தை மூடிவிடுவார்கள்."

லாரிக்காரர்கள் சொன்ன செய்தி

அந்த நான்கில் ஒன்று, ஒரு குட்டித் தீவு நாடு. மற்ற நாடுகளின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பேசினால் இன்னொருவர் காதில் ஓதுவார். இந்த நாட்டுக்கு ஒரே ஓர் அம்மா. பின்னால் காலி நாற்காலிகள். திரையில் அவரைப் பார்த்தாலே எனக்கு மனசு ஒட்டிக்கொள்ளும். தனியாகச் சாப்பிடுகிறவரை இன்னொரு தனி ஆளுக்கு அடையாளம் தெரியும்.

கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவர் கேட்டது தீர்மானத்தில் ஒரே ஒரு வாக்கியம்: தானிய ஏற்றுமதியை நிறுத்தும் நாடு, அதை நம்பியிருக்கும் நாடுகளிடம் முன்கூட்டியே பேச வேண்டும். அவர் ஊரில் கோதுமை விளையாது. கப்பல் வந்தால்தான் ரொட்டி. ஒருமுறை கப்பலைப் பாதியிலேயே திருப்பிவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தார்கள் என்பதை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"கப்பல் வராது என்று எங்கள் அரசுக்குச் சொன்னவர்கள், துறைமுகத்தில் காத்திருந்து வெறும் வண்டியோடு திரும்பிய லாரிக்காரர்கள்."

மௌனம் என்றால் சம்மதம்

இந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. கையைத் தூக்கி வாக்களிப்பது அபூர்வம். தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்பார். யாரும் வாயைத் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம்.

மறுநாள் பேச்சு இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் நடந்தது. ஓர் அறையில், அவர் கேட்ட வாக்கியமும் சேர்ந்திருந்த தீர்மான வரைவு; பக்கத்து அறையில் நிதி. பெரிய நாடுகள் ஆட்களைப் பிரித்து அனுப்பின. தீவு நாட்டு அம்மா, நிதியைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார். நாற்காலியில் அவருடைய சால்வை மட்டும் கிடந்தது. அவர் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில், தானியம் விற்கும் நாடு ஒன்று அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்றது. தலைவர் சுற்றிலும் பார்த்தார்.

குறிப்பு எழுதுகிறவர்களின் மைக்கைக் கூட்டம் நடத்துகிறவர்களே பூட்டி வைத்திருப்பார்கள். அது தெரிந்தும், "சார், அந்தம்மா பக்கத்து ரூம்ல இருக்காங்க" என்று நான் சத்தமாகவே சொன்னேன். என் வீட்டில் என்னைத் தவிர அதைக் கேட்க யாருமில்லை. அழுகை வந்துவிட்டது.

"ஆட்சேபம் எதுவும் இல்லை. வாக்கியம் நீக்கப்படுகிறது."

ஸ்டீபனின் கத்தரி

அன்றைய குறிப்பில், 'அந்நாட்டுப் பிரதிநிதி அப்போது அறையில் இல்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். காட்டாங்குளத்தூர் ஆபீசில் என் குறிப்புகளைச் சரிபார்ப்பவர் ஸ்டீபன், தங்கமான பையன். உடனே போன் செய்தார். அந்த வாரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட முதல் குரல் என்பதால் சண்டைகூட இனிமையாகத்தான் இருந்தது. அறையில் பேசியதை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. வரியை வெட்டிவிட்டார், 'ஆட்சேபம் எதுவும் இல்லை' மட்டும் மிஞ்சியது. நான் விடாமல் வாதாடினேன்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேம். ஆனா ரூம்ல இல்லாதவங்களைப் பத்தி எழுத ஆரம்பிச்சா, பாதி உலகத்தைப் பத்தி எழுதணும்."

கடைசி நாள்

தீர்மானத்தை நிறைவேற்றும் நாள். தீவு நாட்டு அம்மா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் வாக்கியம் எங்கே என்று கேட்டார். தலைவர் அந்த நாளின் குறிப்பைக் கையில் எடுத்து வாசித்தார்: ஆட்சேபம் எதுவும் இல்லை. நான் எழுதிய வரி. அதை அவர் முகத்துக்கு நேராக வாசித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வாக்கியம் திரும்ப வரவில்லை. ஒருமுறை முடிந்ததை மறுபடி திறக்கக் கூடாது என்றார்கள். அந்த அம்மா கெஞ்சவில்லை. மைக்கை வாய்க்கு அருகே இழுத்து, எழுதுகிறவர்களுக்கு வசதியாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். அறையில் பேசியதாயிற்றே, இனி யார் வெட்ட முடியும்? ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன். ஸ்டீபனும் கைவைக்கவில்லை.

"ஆட்சேபம் இருந்தது. அது பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

பசியை ஒழிக்க உலகத்தையே திருத்தும் யோசனைகளை மூட்டை மூட்டையாக எழுதியாகிவிட்டது. அந்த அம்மாவுக்குத் துணையாக இன்னோர் ஆளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கலாம் என்று மட்டும் இதுவரை எந்த நாடும் சொல்லி நான் எழுதியதில்லை.